ஜிடிஎக்ஸ் 1060 எந்த நாள்ல பழசாச்சு?

இன்னைக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டோட வரலாறு. எஃப்பிஎஸ் எண்களை அடுக்கப் போறதில்லை, அதுக்கு யூடியூப்ல நூறு பேர் இருக்காங்க. என் கேள்வி வேற: நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு கார்டு பழசாயிடுச்சுன்னு யார் முடிவு பண்றாங்க?

2016 ஜூலையில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060-ஐ வெளியிட்டது. 6 ஜிபி மெமரி, 249 டாலரிலிருந்து விலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 549 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 980 தர்ற வேகம் இதுல கிடைக்கும்னு கம்பெனியே சொன்னது, பெரும்பாலும் அது உண்மையாவும் இருந்தது. ஸ்டீம் மாசாமாசம் எடுக்கிற கணக்கெடுப்பில் 2022 கடைசி வரைக்கும், கிட்டத்தட்ட அஞ்சு வருஷம், முதலிடம் இதுக்குத்தான். பைக்ல ஸ்ப்ளெண்டர் எப்படியோ, கார்டுல இது அப்படி.

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வச்சிருக்கார். தை, வைகாசி முகூர்த்த மாசங்கள்ல ராத்திரி பகலா ஓடுற அவரோட ஒரே கம்ப்யூட்டர்லயும் இதே 1060 தான். "தம்பி, மாத்தணுமா? ஒரு சீசன் காசு போயிடும். தப்பா வாங்கிட்டா அடுத்த தை வரைக்கும் அதோடதான் மாரடிக்கணும்"னு கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனதுதான் இந்த எபிசோட்.

இப்போ புதுசைப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 4060, 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்தது. 1060-இன் சிப் 200 சதுர மில்லிமீட்டர். அதில் 440 கோடி டிரான்சிஸ்டர். 4060-இன் சிப் 159 சதுர மில்லிமீட்டர்தான். அதில் 1,890 கோடி. இடம் குறைஞ்சு, ஆள் நாலு மடங்குக்கு மேல கூடியிருக்கு. மின்சாரமோ 120 வாட்டிலிருந்து 115-ஆ இறங்கியிருக்கு. இன்ஜினியரிங்கா பார்த்தா கைதட்டணும்.

ஆனா ஒரு இடத்தில் இடிக்குது. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கிற பாதை 1060-ல 192 பிட் அகலம். 4060-ல 128 பிட். ஏழு வருஷம் கழிச்சு வந்ததுல பாதை ஏன் சுருங்குச்சு?

சிப்புக்குள்ளேயே இருக்கிற கேஷ் 1.5 எம்பியிலிருந்து 24 எம்பியா வளர்ந்ததுதான் காரணம். நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். கோமுகி அணையிலிருந்து வர்ற வாய்க்காலைக் குறுகலா வெட்டிட்டு, வயல் ஓரத்துல பெரிய தொட்டி கட்டிக் கொடுத்தா என்ன ஆகும்? வழக்கமான பாசனம் தொட்டியிலேயே முடிஞ்சிடும். தொட்டி கொள்ளாத தேவை வர்ற அன்னைக்குத்தான் வாய்க்கால் சின்னதுன்னு தெரியும். 1080பி-யில கேம் ஆடுறவருக்குத் தொட்டி போதும். 4கே-க்குப் போனா திணறும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல பிறந்த 3060-ஐ விட்டுட்டுப் போக மனசில்லை. 2021 பிப்ரவரியில் வந்தது, 12 ஜிபி. அதைவிட விலை கூடின 3070-க்கே 8 ஜிபிதான். தாராள மனசு இல்லைங்க, வெறும் வகுத்தல் கணக்கு. 192 பிட் பாதையில் 32 பிட்டுக்கு ஒண்ணா ஆறு மெமரி சிப் உட்காரும். ஒவ்வொண்ணும் 1 ஜிபின்னா மொத்தம் 6, 2 ஜிபின்னா 12. 2021-ல 6 ஜிபின்னு சொல்லி விற்க முடியாது, அதனால 12. 4060-ல பாதை 128 பிட், நாலு சிப், 8 ஜிபி. அப்படித்தான் புதுசுக்குப் பழசைவிட மெமரி குறைஞ்சது. நொடிக்குக் கடத்துற அளவும் 360 ஜிபியிலிருந்து 272-ஆ இறங்குச்சு.

அப்போ மைனிங் காலம் வேற. கேமர்களுக்குக் கார்டு கிடைக்கட்டும்னு 3060-ல எத்தீரியம் மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டு போட்டாங்க. அடுத்த மாசமே என்விடியா வெளியிட்ட ஒரு பீட்டா டிரைவர்ல அந்தப் பூட்டு தவறுதலா விட்டுப்போச்சு. இதை எப்போ நினைச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும். 2022 செப்டம்பர் 15-ல எத்தீரியம் மைனிங்கையே கைவிட, கார்டுகள் மூட்டை மூட்டையா செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசினவங்களுக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும்.

கேமுக்கு 4060 தேவலை. வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கிறவருக்கு 3060-தான். மாடல் ஒவ்வொரு டோக்கனுக்கும் மெமரியில இருக்கிற தன் மொத்த எண்களையும் படிக்கணும். அதுக்கு 24 எம்பி தொட்டி எந்த மூலைக்கு? தமிழுக்கு இது இன்னும் உறைக்கும். பல மாடல்கள் தமிழ்ச் சொல்லை இங்கிலீஷைவிட அதிகத் துண்டா உடைக்கும், அதே வாக்கியத்துக்கு அத்தனை தடவை அதிகமா படிக்கணும்.

அண்ணனுக்கு இது ரெண்டுமே பொருந்தலை. அவரோட புது மிரர்லெஸ் கேமரா எடுக்கிறது 10 பிட், 4:2:2 வகை வீடியோ. அதை நேரடியா பிரிச்சுப் படிக்கிற வசதி 1060-ல இல்லை. 3060, 4060-லயும் இல்லை. 2025-ல வந்த 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. சில இன்டெல் பிராசஸர்கள் அதுக்கு முன்னாடியே அதைச் செஞ்சுக்கிட்டிருந்தது. அதனால நடுவுல இருக்கிற கார்டு எதுக்கும் காசைக் கொட்ட வேண்டாம்னு சொன்னேன். அதுவரைக்கும் சின்ன சைஸ் பிராக்ஸி ஃபைல் போட்டு எடிட் பண்ணலாம், 1060 தாங்கும்.

தாங்கும்தான். ஆனா எத்தனை நாளைக்கு? 2025 ஆகஸ்ட்ல வந்த கூடா 13, 1060-இன் பாஸ்கல் தலைமுறையைக் கைவிட்டது. அக்டோபர்ல அதுக்கான கடைசி கேம் ரெடி டிரைவர். இனி 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும். அன்னைக்குக் காலையில ஃபேன் நின்னு போகலை, வேகம் குறையலை. எடிட்டிங் சாஃப்ட்வேரின் அடுத்தடுத்த வெர்ஷன்கள் புது டிரைவர் கேட்கும்போதுதான் கதவு சாத்தும்.

லினக்ஸ் பக்கம் போய்த் தப்பிக்கலாமேன்னு தோணும். நூவோ என்கிற திறமூல டிரைவரை எழுதுறவங்க வருஷக்கணக்கா முயற்சி பண்றாங்க. ஆனா பாஸ்கல் கார்டோட கடிகார வேகத்தை ஏத்தணும்னா என்விடியா கையெழுத்துப் போட்ட ஃபெர்ம்வேர் வேணும், அதுக்குத் தேவையானது வெளிய வரலை. அதனால அந்த டிரைவர்ல 1060, கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது இருக்கிற தாழ்ந்த வேகத்திலேயே நிற்கும். 2018-ல டூரிங் தலைமுறையோட வந்த புது ஏற்பாட்டால அதுக்குப் பிந்தைய கார்டுகளுக்கு வழி திறந்துச்சு. 3060-யும் 4060-யும் கோட்டுக்கு அந்தப் பக்கம், 1060 இந்தப் பக்கம்.