சீன விமானந்தாங்கிக் கப்பல்களும் ஆர்வலர் ஊகங்களும்

சீனா தன் விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றியும் அவற்றுக்கான போர் விமானங்களைப் பற்றியும் அதிகாரபூர்வமாக வாய் திறப்பதற்கு முன்பே, வெளியில் கசியும் படங்களை வைத்து விமான ஆர்வலர்கள் கணித்துச் சொல்லும் வழக்கம் கால் நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. கட்டுந்தளத்தை மேலிருந்து பிடித்த செயற்கைக்கோள் படங்களும் தொழிற்சாலை வேலிக்கு வெளியே நின்று எடுத்த ஒளிப்படங்களும் பயணிகள் விமானத்தின் சன்னலோரம் எடுத்த படங்களுமே இவர்களுடைய மூலப்பொருள். சீனக் கடற்படையின் வரலாற்றை எழுதுகிறவர் இந்த ஊகங்களின் வரலாற்றையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது. பல நிகழ்வுகளுக்கு முதல் பதிவு இவர்களுடையது. கண்ணால் கண்ட தடயத்தை வைத்து இவர்கள் சொன்னவை பெரும்பாலும் பலித்தன; பெயரையும் தேதியையும் எண்ணிக்கையையும் பற்றிச் சொன்னவற்றில் நிறையப் பொய்த்தன.

தொடக்கம்

சீனாவுக்கு விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் லியு ஹுவாசிங். 1980இல் அமெரிக்கா சென்றபோது கிட்டி ஹாக் கப்பலில் ஏறிப் பார்த்தார். 1982 முதல் 1988 வரை கடற்படைத் தளபதியாக இருந்தார். கரையோரக் காவலையே வேலையாகக் கொண்டிருந்த படையை, ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ் வழியாகச் செல்லும் தீவுத் தொடருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய திட்டம். அவர் பதவியில் இருந்த 1985இல், ஆஸ்திரேலியா பழைய இரும்புக்கு விற்ற மெல்போர்ன் கப்பல் சீனாவுக்கு வந்தது. உடைப்பதற்கு முன் சீனப் பொறியாளர்கள் அதை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள்.

1996 மார்ச்சில், தைவானை ஒட்டிய கடலில் சீனா ஏவுகணைகளைச் செலுத்தியதற்குப் பதிலாக அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. எதிர்கொள்ள அப்போது சீனாவிடம் எதுவும் இல்லை. அந்த அவமானம் லியுவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற கீவ் வகைக் கப்பல்கள் நான்கு. கீவ், மின்ஸ்க் இரண்டும் சீனாவுக்குப் போய் முறையே தியான்ஜினிலும் ஷென்செனிலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஆயின. நோவோரோசிஸ்க் தென் கொரியாவில் உடைக்கப்பட்டது. நான்காவதான பாக்கு, அட்மிரல் கோர்ஷ்கோவ் என்று பெயர் மாறி, பிறகு முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்டு, 2013இல் இந்தியாவின் விக்கிரமாதித்யா ஆனது. பழைய சோவியத் கப்பல்கள் சீனாவில் இப்படி வேடிக்கை காட்டும் இடங்களாக ஆனதால்தான், சீனா இன்னொரு கப்பலைக் கேளிக்கைக்கு என்று சொல்லி வாங்கியபோது அந்தப் பேச்சைப் பலர் நம்பினார்கள்.

வர்யாக்

அந்தக் கப்பல் வர்யாக். உக்ரைனின் மிகோலயிவ் கட்டுந்தளத்தில் 1985இல் வேலை தொடங்கியது. 1988இல் நீரில் இறக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் பணம் தர ஆளில்லாமல் 1992இல், மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில், வேலை நின்றுபோனது. 1998இல் ஹாங்காங் தொழிலதிபர் சூ செங்பிங் அதை 2 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதியாக்கப் போவதாகச் சொன்னார்.

ஊகத்தின் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. மக்காவ் துறைமுகத்தின் ஆழம் இவ்வளவு பெரிய கப்பலுக்குப் போதாது. கடல் வரைபடம் பார்க்கத் தெரிந்த எவரும் இதைக் கண்டுகொள்ளலாம். பலர் கண்டுகொண்டு சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் அதிகாரபூர்வமான கதை மாறவில்லை. 2000இல் கப்பலை இழுத்துக்கொண்டு புறப்பட்டபோது, இயந்திரம் இயங்காத இவ்வளவு பெரிய கூடு பாஸ்பரஸ் நீரிணையில் சிக்கினால் இஸ்தான்புல்லுக்கு ஆபத்து என்று துருக்கி வழிமறித்தது. கருங்கடலில் ஓராண்டுக்கும் மேலாகக் கிடந்து, 2001 நவம்பரில்தான் நீரிணையைக் கடந்தது. கடந்த சில நாளிலேயே ஈஜியன் கடலில் புயல் பிடித்தது. இழுவைக் கயிறு அறுந்து கப்பல் அலைபோன போக்கில் போனது. மீண்டும் கட்டும் முயற்சியில் ஒரு மாலுமி இறந்தார். சூயஸ் கால்வாயில் செல்லவும் அனுமதி கிடைக்கவில்லை. ஜிப்ரால்டரைத் தாண்டி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலையும் மலாக்கா நீரிணையையும் கடந்து, 2002 மார்ச்சில் டாலியன் துறைமுகம் சேர்ந்தது. மக்காவ் பக்கம் அது போகவே இல்லை.

சூ செங்பிங் 2015இல் அளித்த பேட்டியில், சூதாட்ட விடுதி என்பது வெறும் போர்வை என்றும் கப்பலின் எஞ்சின்கள் கழற்றப்படாமலே இருந்தன என்றும் ஒப்புக்கொண்டார். கப்பலுடன் சேர்த்து வரைபடங்களும் டன் கணக்கில் சீனாவுக்குப் போயிருந்தன.

2005இல் கப்பல் உலர்துறைக்குள் போய்ச் சீனக் கடற்படையின் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. டாலியன் நகரின் நடுவிலேயே கட்டுந்தளம் இருப்பதால் எதையும் ஒளிக்க முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ரேடார் பலகைகள் எப்போது ஏறின, சாரம் எப்போது இறங்கியது, தளத்தின் மேல் பூச்சு எப்போது மாறியது என்று ஆர்வலர்கள் நாட்குறிப்பே வைத்திருந்தார்கள். 2011 ஆகஸ்டில் முதல் வெள்ளோட்டம். அந்த டிசம்பரில் மஞ்சள் கடலில் ஓடிக்கொண்டிருந்த கப்பலை ஓர் அமெரிக்க வணிகச் செயற்கைக்கோள் தற்செயலாகப் படம்பிடித்தது.

இந்தக் கப்பலைப் பற்றி மிக உறுதியாகச் சொல்லப்பட்ட ஊகம் ஒன்று அடியோடு பொய்த்தது. 1683இல் தைவானைக் கைப்பற்றிய குயிங் பேரரசின் தளபதி ஷி லாங்கின் பெயரைத்தான் இதற்குச் சூட்டுவார்கள் என்று ஆர்வலர்கள் எழுத, செய்தித்தாள்களும் பல ஆண்டுகள் அதையே எழுதின. 2012 செப்டம்பர் 25 அன்று கப்பல் படையில் சேர்ந்தபோது அதன் பெயர் லியாவ்நிங். அது புதுப்பிக்கப்பட்ட மாகாணத்தின் பெயர். பின்னர் வந்த ஷான்டோங்கும் ஃபூஜியானும்கூட மாகாணப் பெயர்களே.

கான்கிரீட் கப்பலும் ஜே-15ம்

2009இல் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வூஹான் நகரில் ஒரு விசித்திரக் கட்டடம் எழுவது படங்களில் தெரிந்தது. மொட்டை மாடியில் கப்பல் தளம், அதன் மேல் கட்டளைக் கோபுரம், ஓரத்தில் ஒரு மாதிரி விமானம். எல்லாம் அசல் அளவில், கான்கிரீட்டில். கப்பலின் ரேடார்களும் அலைவாங்கிகளும் ஒன்றையொன்று குழப்பாமல் இயங்குமா என்று தரையிலேயே சோதிக்க அது கட்டப்பட்டது. அது ஆர்வலர்களுக்கு ஒரு முன்னறிவிப்புப் பலகையாகவே ஆகிவிட்டது. வூஹானில் கோபுரத்தின் வடிவம் மாறினால் அடுத்த கப்பலின் கோபுரமும் மாறும் என்று சொன்னார்கள், அப்படியே நடந்தது. 2021இல் அந்த மாடியில் ஒரு புது மாதிரி விமானம் நின்றது. பின்னாளில் ஜே-35 என்று அறியப்பட்டதன் வடிவம் அது.

கப்பலுக்கு ஏற்ற விமானம் எது என்பதிலும் ஊகம் இரண்டுபட்டது. ரஷ்யாவிடமிருந்து சு-33 விமானங்களை வாங்கப் போகிறார்கள் என்று 2006இல் செய்தி பரவியது. அந்தப் பேரம் படியவில்லை. உக்ரைனிலிருந்து சு-33இன் முன்மாதிரி ஒன்றைச் சீனா ஏற்கெனவே வாங்கியிருந்தது. அதை ஆராய்ந்து ஷென்யாங் நிறுவனம் உருவாக்கிய ஜே-15, 2009 ஆகஸ்டில் பறந்தது.

லியாவ்நிங்கின் முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் தன் எஞ்சின் வலுவிலேயே ஓடி, அந்த ஏற்றத்தில் எகிறி மேலே போக வேண்டும். முழு எரிபொருளும் முழு ஆயுதங்களும் சேர்ந்த எடையோடு இப்படி ஏறுவது கடினம். இறங்குவது அதைவிடக் கடினம். தளத்தின் குறுக்கே நான்கு கம்பிகள் இருக்கும். விமானத்தின் வால் கொக்கி அதில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கரம் தளத்தில் பட்டதுமே விமானி எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி மாட்டாமல் போனால் அப்படியே மீண்டும் பறந்துவிட வேண்டுமே! 2012 நவம்பர் 23 அன்று டாய் மிங்மெங் ஜே-15ஐ முதன்முதலாக லியாவ்நிங்கில் இறக்கினார். இரண்டு நாள் கழித்து, அந்த விமானத்தின் உற்பத்திக்குப் பொறுப்பாளரும் ஷென்யாங் நிறுவனத் தலைவருமான லுவோ யாங் கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பிய அன்றே மாரடைப்பால் இறந்தார்.

அந்தச் சோதனையின் காணொளியில், மஞ்சள் சட்டை அணிந்த தளப்பணியாளர்கள் ஒரு காலை மடித்துக் குனிந்து, இரண்டு விரல்களை முன்னே நீட்டி விமானத்துக்குப் புறப்பாட்டுச் சைகை கொடுப்பார்கள். சில நாட்களுக்குள் சீனா முழுவதும் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் அதே நிலையில் படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஆர்வலர் வட்டத்துக்குள் இருந்த விஷயம் ஊர்ப்பேச்சானது அன்றுதான்.

அந்த விமானத்துக்குக் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. 2016 ஏப்ரலில் தரையில் நடந்த தரையிறங்கும் பயிற்சியில் ஜாங் சாவ் என்ற இளம் விமானி இறந்தார். அதே மாதம் மற்றொரு விபத்தில் சாவ் சியான்ஜியான் படுகாயமடைந்தார்.

வேலிக்கு வெளியே

கடல் விமானங்களை ஊகிக்கும் கலை, தரையிலிருந்து பறக்கும் விமானங்களை வேலியோரம் நின்று பார்த்த அனுபவத்தில் வளர்ந்தது. அதன் தலைநகரம் செங்டு. அங்குள்ள விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதை நகரை ஒட்டியே இருக்கிறது. 2010 டிசம்பர் கடைசியில் ஒரு கறுப்பு விமானம் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லும் மங்கலான படங்கள் வெளிவந்தன. போலிப் படம் என்றார்கள் பலர். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், 2020 வரை சீனாவிடம் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம் இருக்காது என்று 2009இல்தான் பேசியிருந்தார். 2011 ஜனவரி 11 அன்று, அதே கேட்ஸ் பெய்ஜிங்கில் இருந்தபோது, அந்த ஜே-20 பறந்தது. 2017இல் படையிலும் சேர்ந்தது. மங்கலான படத்தை நம்பியவர்கள் ஓர் உளவு மதிப்பீட்டைவிடச் சரியாக இருந்தார்கள்.

இத்தகைய படங்கள் அழிக்கப்படாமல் விடப்பட்டதை வைத்து, அரசே இவற்றைக் கசிய விடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. ஓரளவு அது உண்மையாகவே தோன்றுகிறது. ஆனால் எடுப்பவருக்கு ஆபத்து இல்லை என்று ஆகாது. 2021இல் திருத்தப்பட்ட இராணுவ வசதிகள் பாதுகாப்புச் சட்டமும் 2023இல் விரிவாக்கப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டமும் இந்த ஆர்வத்தைக் குற்றத்தின் விளிம்புக்குக் கொண்டுபோயுள்ளன.

2024 டிசம்பர் 26 அன்று வால் இறக்கையே இல்லாத இரண்டு புது விமானங்கள், ஒன்று செங்டுவிலும் மற்றொன்று ஷென்யாங்கிலும், பட்டப்பகலில் பறந்தன. ஜே-36, ஜே-50 என்று உலகமே இப்போது சொல்லும் பெயர்கள் ஆர்வலர்கள் வைத்தவை.

கவண்

இரண்டாவது கப்பலான ஷான்டோங் 2017 ஏப்ரலில் நீரில் இறங்கி 2019 டிசம்பரில் சான்யாவில் படையில் சேர்ந்தது. முழுக்கச் சீனாவிலேயே கட்டப்பட்டது என்ற பெருமை உண்டு. ஆனால் இதற்கும் வளைந்த முகப்புதான். ஆர்வலர்களுக்கு இதில் புதிர் அதிகம் இல்லை.

புதிர் மூன்றாவது கப்பலில் இருந்தது. விமானத்தை உந்தி எறியும் கவண் அதில் இருக்குமா? இருந்தால் நீராவியா, மின்காந்தமா? விடைக்கான தடயங்கள் கப்பலுக்கு வெளியே கிடந்தன. ஹுலுடாவ் அருகே உள்ள கடற்படைப் பயிற்சித் தளத்தில் வளைமேடைகளுக்குப் பக்கத்தில் இரண்டு நீண்ட தடங்கள் முளைத்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2016இல் ஒரு ஜே-15இன் படம் வந்தது. அதன் முன் சக்கரத்தின் தண்டு தடித்திருந்தது; அதன் முன்னே ஒரு சிறு உலோகக் கட்டை. கவணின் தடத்தில் ஓடும் பாகத்தில் மாட்டுவதற்கென்றே உள்ள உறுப்பு அது. வளைமுகப்பிலிருந்து ஏறும் விமானத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கையளவு இரும்புத் துண்டு ஒரு நாட்டின் கடற்படைத் திட்டத்தைச் சொல்லிவிட்டது. இந்தத் துறையில் எனக்குப் பெருமதிப்பு ஏற்படுத்திய கணிப்பு இதுவே.

நீராவிக்கு எஞ்சின் அறையிலிருந்து பெரிய குழாய்கள் வேண்டும், நன்னீர் ஏராளமாக வேண்டும். மின்காந்தக் கவணுக்குச் சில விநாடிகளில் பேரளவு மின்சாரத்தைச் சேர்த்துவைத்து வெளிவிடும் அமைப்பு வேண்டும். அணுசக்தி இல்லாத கப்பலில் அது நடக்காது என்று நம்பியவர்கள் அதிகம். மா வெய்மிங் தலைமையிலான கடற்படைப் பொறியாளர்கள் நேர்மின்னோட்ட முறையில் அதைச் சாதித்தார்கள். ஷாங்காய் அருகே சாங்சிங் தீவில் கட்டப்பட்ட ஃபூஜியான் 2022 ஜூன் 17 அன்று நீரில் இறங்கியது. 80,000 டன்னுக்கு மேற்பட்ட எடை, நேரான தளம், மூன்று கவண்கள். தடங்களின் மேல் கொட்டகை போட்டு மூடியிருந்தார்கள். மின்காந்தக் கவண் என்பதை அரசே அறிவித்தது. 2023 நவம்பரில், சக்கரம் வைத்த சோதனை வண்டிகள் தளத்திலிருந்து சீறிப் பறந்து தண்ணீரில் விழும் காணொளிகள் வெளிவந்தன. 2024 மே 1 அன்று வெள்ளோட்டம் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ஜே-15டி, ரேடாரில் எளிதில் சிக்காத ஜே-35, முன்னெச்சரிக்கை விமானமான கேஜே-600 மூன்றும் அந்தக் கவண்களிலிருந்து எழும் காட்சி அதிகாரபூர்வமாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று சான்யாவில் கப்பல் படையில் சேர்ந்தது.

இந்தியப் பெருங்கடல்

2008 டிசம்பரிலிருந்து சீனப் போர்க்கப்பல்கள் ஏடன் வளைகுடாவில் சுழற்சி முறையில் காவல் இருக்கின்றன. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் நங்கூரமிட்டதும், 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்ததும் இந்திய, இலங்கை வாசகர்களை நேரடியாகத் தொட்ட நிகழ்வுகள். 2017இல் திறக்கப்பட்ட ஜிபூட்டி தளத்தின் இறங்குதுறை, விமானந்தாங்கிக் கப்பலையே கட்டிவைக்கும் அளவுக்கு நீளமானது என்று அமெரிக்கத் தளபதி ஒருவர் 2021இல் சொன்னார். இதை வைத்து, சீன விமானந்தாங்கி அணி இதோ வரப்போகிறது என்று ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அந்த அணிகளின் பயிற்சி இதுவரை மேற்குப் பசிபிக்கையே மையமாகக் கொண்டது. 2025 ஜூனில் லியாவ்நிங்கும் ஷான்டோங்கும் ஒரே காலத்தில் அங்கே இயங்கின. தொலைதூரக் கடலில் ஒரு கப்பலை நிறுத்திவைக்க, பழுதிலும் பயிற்சியிலும் இருப்பவற்றைச் சேர்த்து மூன்று கப்பல்களாவது தேவை என்பது கடற்படைகளின் பொதுக் கணக்கு. அந்த மூன்றாவது கப்பல் இப்போதுதான் வந்திருக்கிறது.

நான்காவது கப்பல்

அடுத்த கப்பல் அணுசக்தியால் இயங்குமா என்பதே இன்றைய கேள்வி. 2024 மார்ச்சில் கடற்படையின் அரசியல் ஆணையர் யுவான் ஹுவாஜி, விடை விரைவில் அறிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள், சிச்சுவான் மாகாணத்தின் லெஷான் அருகே மலைகளுக்கு நடுவே, பெரிய போர்க்கப்பலுக்கான அணு உலையின் தரை முன்மாதிரி கட்டப்படுவதாகச் செயற்கைக்கோள் படங்களையும் அரசு ஆவணங்களையும் வைத்துக் காட்டினார்கள். டாலியனில் ஒரு பெரிய உடற்பகுதி உருவாகிவருகிறது. கட்டளைக் கோபுரம் ஏறும் நாளில் ஆர்வலர்கள் முதலில் தேடப்போவது அதில் புகைபோக்கி இருக்கிறதா என்பதைத்தான். அணு உலைக் கப்பலுக்கு அது தேவைப்படாது.