முரட்டுப் பிள்ளைகளும் ஒரு மங்கள வார்த்தை செபமும்

பங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோயில் கட்டிய ஆண்டையும், மணி வாங்கிய ஆண்டையும், பணிபுரிந்த குருக்களின் பெயர்களையும் தவறாமல் குறித்து வைக்கின்றனர். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் சொன்ன ஆசிரியரைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். அடங்காத ஒரு பிள்ளையை நினைத்து அவர் உறங்காமல் கிடந்த இரவுகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அத்தகைய ஆசிரியப் பெருமக்களுக்காகவே திருச்சபை வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்க்கிறோம்.

குருத்துவம் பெற்ற ஆண்டின் டிசம்பர்

புனித தொன் போஸ்கோ 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இத்தாலியின் பியத்மோந்து நாட்டில் பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தார். தாய் மார்கரித்தா அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாத உழவர் குலப் பெண்மணி. ஒன்பது வயதில் சிறுவன் ஒரு கனவு கண்டான். சண்டையிட்டுத் தூஷணம் பேசிய பிள்ளைகள் மேல் பாய்ந்து அடித்து அடக்கப் பார்த்தான். அங்கே தோன்றிய மாண்புமிக்க ஒருவர், அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலுமே இவர்களை உன் நண்பர்களாக்க வேண்டும் என்று உணர்த்தினார். அந்தப் பாடத்தைக் கற்று முடிக்க அவருக்கு ஓர் ஆயுள் ஆயிற்று.

1841 ஜூன் 5இல் அவர் குருவானார். அதே ஆண்டு டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். தூரின் நகரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் சக்கிறீஸ்தில் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையன் அங்கே வந்து நின்றான். கோயிற்பிள்ளை தூசி தட்டும் கோலை எடுத்துத் தலையிலும் தோளிலும் சாத்தி அவனை விரட்டினார். சத்தம் கேட்ட தொன் போஸ்கோ, அவன் என் நண்பன், உடனே கூப்பிடும் என்றார்.

பூசை முடிந்தபின் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வயது பதினாறு. தாயுமில்லை, தந்தையுமில்லை. எழுத்தும் தெரியாது, செபமும் தெரியாது. ஞானோபதேசத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். தன்னைவிடச் சிறுவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாததால் வெட்கமாயிருக்கிறது என்றான். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் வருவாயா என்றதற்கு, அடிக்காமலிருந்தால் மகிழ்ச்சியோடு வருவேன் என்றான்.

ஆசிரியர்களே, இந்த விடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முரடன், சோம்பேறி என்று நாம் பெயரிடும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் வெட்கப்பட்டுக் கிடக்கிறார்கள்! அன்றைய முதற்பாடம் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்ததே. அப்போது தாம் சொன்ன ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபத்திலிருந்தே எல்லாம் பிறந்தது என்று தொன் போஸ்கோ முதிய வயதில் சொல்வாராம்.

வைக்கோலையும் விற்றவர்கள்

தொடக்கம் இப்படி இனிதாக இருந்தாலும் தொடர்ந்தது எல்லாம் இனிமையல்ல. வால்தோக்கோ பகுதியில் வீடற்ற சில இளைஞர்களுக்கு வைக்கோல் போரில் படுக்க இடங்கொடுத்தார். அவர்கள் விரிப்புகளையும் போர்வைகளையும் திருடிக்கொண்டு போனார்கள். கடைசியில் படுத்த வைக்கோலையும் எடுத்து விற்றுவிட்டார்கள்.

1847ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மழை இரவு. நனைந்து நடுங்கிய பதினைந்து வயதுப் பையன் கதவைத் தட்டினான். முன்னே பட்ட அனுபவம் தாய்க்கும் மகனுக்கும் மறக்கவில்லை. ஆயினும் மார்கரித்தா அம்மாள் உடைந்த செங்கற்களை அடுக்கிப் பலகை போட்டுச் சமையலறையிலேயே அவனுக்குப் படுக்கை அமைத்தார். உழைப்பையும் நேர்மையையும் பக்தியையும் பற்றி நாலு வார்த்தை சொன்னார். செபம் தெரியாது என்றவனைத் தம்மோடு சேர்ந்து சொல்லச் செய்தார். பிறகு பாத்திரங்கள் பத்திரமாக இருக்கவேண்டுமே என்று சமையலறையைப் பூட்டிக்கொண்டு உறங்கப் போனார்கள்!

அன்பும் காட்டினார்கள், பூட்டும் போட்டார்கள். புனிதர்கள் ஏமாளிகளல்லர். ஆனால் நேற்று திருடியவனுக்காக இன்று வந்தவனைத் துரத்தவில்லை. அந்த இரவில் அம்மாள் சொன்ன நாலு வார்த்தைகளே, இன்றளவும் சலேசிய இல்லங்களில் படுக்குமுன் சொல்லப்படும் 'இரவு வணக்க' உரையின் தொடக்கம்.

அம்மாளின் தோட்டம்

மார்கரித்தா அம்மாளும் ஒருநாள் மனம் சோர்ந்தார். அரும்பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் பிள்ளைகள் போர் விளையாட்டில் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். துவைத்து உலர்த்திய துணிகள் புழுதியில் கிடந்தன. இனி என்னால் ஆகாது, ஊருக்கே போய்விடுகிறேன் என்று மகனிடம் சொன்னார். தொன் போஸ்கோ வாதாடவில்லை, கண்டிக்கவும் இல்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அம்மாளின் கண்கள் கலங்கின. மறுபடி அடுப்பங்கரைக்குப் போனார். 1856 நவம்பர் 25இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை.

சோர்வு பாவமல்ல. சோர்ந்த வேளையில் எதைப் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

புகைவண்டி நிலையத்துத் தளபதி

1857ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கார்மஞ்ஞோலா நிலையத்தில் தொன் போஸ்கோ வண்டிக்குக் காத்திருந்தார். பனிமூட்டத்தில் ஒரு சிறுவர் கூட்டம் இரைச்சலிட்டது. அருகே போனதும் எல்லாரும் ஓடினர். ஒருவன் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றான். அவனே அக்கூட்டத்தின் தளபதி, மிக்கேல் மகோனே. தந்தையை இழந்தவன், பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன். தூரினுக்கு அழைத்துவந்து சேர்த்தார். விளையாட்டில் புயலாயிருந்தவன் சில வாரங்களில் மூலையில் ஒதுங்கி அழுதான். மற்றவர்களின் நன்மையைக் காணக்காணத் தன் பழைய வாழ்வு அவன் மனத்தை அறுத்தது. தொன் போஸ்கோ பொறுத்திருந்து, மெல்லப் பேசி, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டினார். அவன் மகிழ்ச்சி திரும்பியது. 1859 ஜனவரி 21இல், பதின்மூன்றே வயதில், புனிதமாய் மரித்தான். 1861இல் அவன் வாழ்க்கையை அவரே நூலாக எழுதினார்.

எல்லாரும் மகோனே ஆகிவிடவில்லை. வைக்கோல் விற்றவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. விதைப்பது நம் வேலை, விளைச்சல் ஆண்டவருடையது.

அனுபவம் தந்த முறை

இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி 1877இல் 'தடுப்பு முறை' பற்றிய சிறு ஏட்டை அவர் வெளியிட்டார். குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, குற்றம் நேராதபடி பிள்ளைகளோடு உடனிருப்பதே அதன் சாரம். அறிவு, மறை, அன்பு என்பவை அதன் மூன்று தூண்கள். அடித்தல், வேதனைப்பட முட்டிபோட வைத்தல், காதைத் திருகுதல் ஆகியவற்றை அறவே விலக்கினார். நம் நாட்டில் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அவர் எவ்வளவு தூரம் முன்னே பார்த்தார் என்பது விளங்கும். 1884 மே 10இல் உரோமையிலிருந்து எழுதிய மடலிலோ, பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவதை அவர்களே உணரவேண்டும் என்று தம் சபையாருக்கு எடுத்துரைத்தார்.

ஏணியில் ஏறி இறங்குகிறவர்கள்

தொன் போஸ்கோவுக்கு முன்னரே பிரான்சு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651–1719) ஆசிரியரின் செபத்தைப் பற்றி அழகாகச் சிந்தித்தார். யாக்கோபு கண்ட ஏணியில் ஏறி இறங்கும் சம்மனசுகளைப் போன்றவர்கள் ஆசிரியர்கள் என்றார். பிள்ளைகளின் தேவைகளைச் சுமந்து இறைவனிடம் ஏறவேண்டும். பெற்றதைக் கொண்டு பிள்ளைகளிடம் இறங்கவேண்டும். வகுப்பின் நடுவே அவ்வப்போது மணி ஒலிக்கச் செய்து இறைப் பிரசன்னத்தை நினைவூட்டும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

1906இல் சலேசிய குருக்கள் தஞ்சைக்கு வந்து அனாதைப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டபோது, அந்தப் பழைய மங்கள வார்த்தை செபம் நம் மண்ணிலும் ஒலித்தது. 1888 ஜனவரி 31இல் மறைந்த தொன் போஸ்கோ 1934 ஏப்ரல் 1, உயிர்ப்புப் பெருவிழாவன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

நாளைக் காலை வகுப்பில் நுழையுமுன், உங்களை மிகவும் வருத்தும் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லிப் பாருங்கள். அவன் அன்றே மாறாமலிருக்கலாம். ஆனால் அவனை நீங்கள் பார்க்கும் பார்வை மாறும். கரெல்லியின் வரலாறும் ஒரு பார்வையில்தான் தொடங்கியது.

ஆசிரியரின் செபம்

ஆண்டவரே, நீர் என் கையில் ஒப்படைத்த பிள்ளைகளுள் என்னைச் சோதிக்கிறவனை முதலில் உம் பாதத்தில் வைக்கிறேன். அவன் வீட்டின் துயரத்தை நீர் அறிவீர், என் பொறுமையின் குறையையும் அறிவீர். கோபத்தில் என் கை ஓங்காதிருக்கவும், அவன் மானத்தை என் நாவு கெடுக்காதிருக்கவும் வரம் தாரும். நான் காணாத விளைச்சலை நீர் ஒருநாள் காண்பீர் என்ற நம்பிக்கையில் என்னை நிலைக்கச் செய்தருளும். ஆமென்.