செஞ்சி முற்றுகையில் ஒரு முதிய வசீர்

மொகலாயப் பேரரசின் வசீராக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த ஆசத் கான், 1691ஆம் ஆண்டின் இறுதியில், அறுபதைக் கடந்த வயதில், தம் மகன் சுல்பிகார் கானுக்குத் துணையாகச் செஞ்சிக் களத்துக்கு வந்து சேர்ந்தார். மகன் 1690இல் தொடங்கிய முற்றுகை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டையின் முன் தேங்கிக் கிடந்தது. ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னுள்ள பாறைப் பிளவின்மேல் கிடக்கும் மரப்பாலத்தை எடுத்துவிட்டால், எவ்வளவு பெரிய படையும் கீழேயே நிற்க வேண்டியதுதான்.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் மராட்டியக் குதிரைப்படை முற்றுகையிட்டவர்களையே வளைத்துக்கொள்ள, இளவரசர் காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்த எதிரியான மராட்டிய அரசர் ராஜாராமுடன் இரகசியமாகப் பேசத் தொடங்கியபோது, ஆசத் கான் பேரரசரின் மகனையே காவலில் வைத்துவிட்டு, 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். முதுமைத் தளர்ச்சி என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் படை சிதறாமல் காத்தது அந்த முதியவரின் நிதானமே. 1698இல் கோட்டை சுல்பிகார் கான் வசமானது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார்.