சேமிக்காத வேலைக்கு ஒரு குறி

1970களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதியதுதான் விஐ எடிட்டர். அப்போது ஒரே யூனிக்ஸ் கணினியில் பலர் டெர்மினல் வழியாக வேலை செய்வார்கள். இணைப்பு அறுந்தாலோ கணினியே படுத்துவிட்டாலோ, பாதியில் நின்ற வேலையை ஒரு துணை நிரல் எடுத்து ஓரமாக வைத்துவிடும். அதோடு விடாமல், உரியவருக்கு மின்னஞ்சலும் அனுப்பும்: உங்கள் கோப்பு இருக்கிறது, இப்படித் திறந்தால் கிடைக்கும் என்று! அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய கரிசனம்!

பிறகு வந்த நெக்ஸ்ட் கணினியில், சேமிக்காத கோப்பு என்றால் ஜன்னலை மூடும் பெருக்கல் குறி உடைந்த மாதிரி தெரியும். சின்ன விஷயம்தான், ஆனால் மூடப்போகிற கை அங்கேதானே போகும்?

இதுவரை 'சேமிக்காதது' என்றால் நினைவகத்தில் மட்டும் இருப்பது. டிஸ்க்கில் எழுதிவிட்டால் நிம்மதி. மேகக்கணினி வந்ததும் இந்த அர்த்தமே மாறிப்போனது. ஏனென்றால் இப்போது அழிவது அந்த டிஸ்க்கே!

2020 மே மாதம் கிட்ஹப் அறிவித்த கோட்ஸ்பேசஸை எடுத்துக்கொள்வோம். நிரல் எழுத, இணையத்திலேயே ஒரு தற்காலிகக் கணினி தருகிறார்கள். அமைப்பை மாற்றாவிட்டால், 30 நிமிடம் சும்மா இருந்தால் நின்றுவிடும். நின்றபடியே 30 நாள் கிடந்தால் அழிக்கப்படும். அதனால் கிட்ஹப்பின் கட்டளைக் கருவி இந்தக் கணினிகளைப் பட்டியலிடும்போது, சேமிக்காத வேலை உள்ளதன் கிளைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறது. அழிக்கச் சொன்னாலும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.

அந்த நட்சத்திரம் இரண்டு நிலைகளுக்கும் பொது. 'கமிட்' செய்யாத மாற்றத்துக்கும் வரும். கமிட் செய்தும் 'புஷ்' செய்யாததற்கும் வரும். நம்ம பி.காம். பாஷையில் சொன்னால், முதலாவது குறிப்பேட்டிலேயே எழுதாத பில். இரண்டாவது, குறிப்பேட்டில் எழுதியும் பேரேட்டுக்கு எடுத்தெழுதாதது. குறிப்பேடே எரிந்துபோகும் கடையில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கூகுளின் கிளவுட் ஷெல் வேறு மாதிரி. வீட்டு அடைவில் 5 ஜிபி தங்கும், வெளியே வைத்ததெல்லாம் அமர்வு முடிந்ததும் போய்விடும். 120 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் வீட்டு அடைவும் போகும், அதற்கு முன் ஒரு மின்னஞ்சல் வரும். விஐ கடிதம் வேலையைக் காப்பாற்றிய பிறகு வந்தது. இது அழிப்பதற்கு முன்பு வருகிறது. காப்பாற்றும் பொறுப்பு நைசாக ஆளின் தலைக்கு வந்துவிட்டது, பாருங்கள்.

கிட்டை நம்பிப் போடும் குறியில் ஓட்டையும் உண்டு. கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொல்லி வைத்த கோப்புகளை அதன் நிலை அறிக்கை சாதாரணமாகக் காட்டாது. கடவுச்சொற்கள் உள்ள அமைப்புக் கோப்பு பெரும்பாலும் அந்த ரகம்தான். சோதனைக்காக ராத்திரி முழுக்க நிரப்பிய டேட்டாபேஸ், கிட் அடைவுக்கு வெளியே இருந்தால், அதன் கண்ணிலேயே படாது.