பெயர் போகட்டும், பிள்ளை நமக்கு வேண்டும்



'அல்சைமர்' என்றதும் மறதிநோய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அது அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவரின் குடும்பப் பெயர். மருத்துவ உலகம் இப்படித்தான் தன் முன்னோடிகளுக்கு மரியாதை செய்தது. சரி, அந்த மரியாதைக்கு உரியவர்தானா என்று பின்னாளில் கேள்வி எழுந்தால்? அப்படிக் கேள்விக்குள்ளான பெயர்தான் ஆஸ்பெர்கர்.

ஆங் மோ கியோ அவென்யூ 10ல் இருக்கிறது பாத்லைட் பள்ளி. மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 2004ல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில், நன்றாகப் பேசியும் படித்தும் பிறரோடு பழகத் திணறும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் சொன்ன பெயர், 'ஆஸ்பெர்கர் குறைபாடு'.

யார் இந்த ஆஸ்பெர்கர்? வியன்னாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். 1944ல், இத்தகைய நான்கு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1980ல் காலமானார். மறு ஆண்டு, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அவர் பெயரை உலகறியச் செய்தார். லோர்னாவும் மதியிறுக்கமுள்ள மகளைப் பெற்ற தாய்தான். 'வளர்ப்பு சரியில்லை' என்று ஏச்சு வாங்கிய பெற்றோருக்கு அந்தப் பெயர் பெரிய ஆறுதல்.

ஆனால், 2018ல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் பழைய கோப்புகளைப் புரட்டி ஓர் ஆய்வை வெளியிட்டார். நாஜி ஆட்சியில் வியன்னாவில் 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' என்ற நிலையம் இருந்தது. அங்கே ஏறத்தாழ 800 பிள்ளைகள் மாண்டனர். உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகளை அங்கே கொன்றார்கள். 1941ல், மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியை அந்த நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவர் ஆஸ்பெர்கர். தாய்க்கு அவள் பெரும் சுமை என்று எழுதினார். இரண்டே மாதத்தில் அவள் இறந்தாள். அவர் நாஜிக் கட்சி உறுப்பினர் அல்லர். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கையெழுத்து மட்டும் அவருடையது.

இந்த ஆய்வுக்கு முன்பே, 2013ல், அமெரிக்க மனநலக் கையேடு அப்பெயரை நீக்கிவிட்டது. காரணம் அரசியல் அன்று. மதியிறுக்கம் பல நிலைகளில் வரும் ஒரே தன்மை என்ற மருத்துவத் தெளிவு. 2022ல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது இல்லை. ஆயினும், அந்தப் பெயரால் தன்னை அடையாளங்கண்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அந்தக் குடும்பப் பெயரைச் சுமக்கும் மற்றவர்களும் செய்யவில்லை.

நேயர்களே, ஆஸ்பெர்கர் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசினார். நாட்டுக்குப் பயன்படுவார்கள் என்றார். பயன்படமாட்டாள் என்று கருதிய பிள்ளையைக் கைவிட்டார். 'கணக்கில் புலியாமே' என்று கேட்ட பிறகுதான் மதியிறுக்கமுள்ள பிள்ளையைப் பாராட்டுகிறோம் என்றால், நாமும் அதே தராசைத்தான் பிடித்திருக்கிறோம். கணக்கே வராத பிள்ளைக்கும் நம் அடுக்குமாடியில், நம் மின்தூக்கியில், நம் வீட்டு விருந்தில் இடம் உண்டு. அதைக் கொடுப்போம்.