வின்கிறிஸ்டின்: சிரிஞ்சிலிருந்து பைக்கு மாறிய மருந்து

புற்றுநோய்க்கு ஊசிவழி செலுத்தப்படும் மருந்துகள் எல்லாமே ஆபத்தானவைதான் என்றாலும், செலுத்தும் வழி ஒன்றே நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கும் மருந்து என்று வின்கிறிஸ்டின் அளவுக்குச் சுட்டிச் சொல்லத்தக்கது வேறில்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயாகிய சிரையின் வழியே கொடுக்கப்படும்போது அது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் கூட்டுச் சிகிச்சையின் தூண்களுள் ஒன்று. அதே மருந்து, அதே அளவில், முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி குத்தித் தண்டுவட நீருக்குள் தவறுதலாகச் செலுத்தப்பட்டால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். இந்தத் தவற்றைத் தடுக்க மருத்துவ உலகம் முதலில் எச்சரிக்கைச் சொற்களை நம்பியது. சொற்கள் போதா என்று ஒப்புக்கொண்டு, மருந்தை அடைத்துக் கொடுக்கும் கலத்தையே மாற்ற முன்வருவதற்குள் நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இம்மருந்தின் மூலம் நித்தியகல்யாணி. மடகாஸ்கரில் தோன்றி வெப்பநாடுகளெங்கும் பரவிய இந்தச் செடியைத் தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. மானாவாரி நிலங்களில் எளிதாக வளரும் அதைத் தென்மாவட்ட உழவர்கள் இலைக்காகவும் வேருக்காகவும் பயிரிட்டு ஏற்றுமதிக்கு அனுப்பி வந்திருக்கின்றனர். பல நாடுகளின் நாட்டுமருத்துவத்தில் அதன் இலை சர்க்கரை நோய்க்கான கஷாயமாகப் பயன்பட்டது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து வந்த அத்தகைய இலைகளைக் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் ஆராய்ந்தபோது, எலிகளின் ரத்தச் சர்க்கரையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் சாறு ஊசியாகச் செலுத்தப்பட்ட எலிகள் கிருமித்தொற்றால் மடிந்தன. ஆய்வு அங்கேயே கைவிடப்பட்டிருந்தால் வியப்பில்லை. மடிந்த எலிகளின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததைக் கவனித்த நோபிள், வெள்ளணுக்களை அழிக்கும் பொருள் வெள்ளணுக்கள் பெருகும் நோய்க்கு மருந்தாகலாம் என்று எண்ணினார். வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-ல் அவர் பிரித்தெடுத்த சேர்மம் வின்பிளாஸ்டின் ஆயிற்று. அதே செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா அடுத்த சில ஆண்டுகளில் வின்கிறிஸ்டினைப் பிரித்தெடுத்தார். 1963-ல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

உயிரணு பிளவுபடும்போது மரபுப்பொருளை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை. நரம்பணுக்கள் பிளவுபடுவதில்லை என்றாலும், தம் நீண்ட இழைகளின் வழியே சத்துகளைக் கடத்த அவையும் இதே நுண்குழல்களைத்தான் நம்பியிருக்கின்றன. சரியான முறையில் வின்கிறிஸ்டின் பெறுபவருக்கும் விரல் மரத்துப்போதல், மலச்சிக்கல், பாதம் தூக்க முடியாமை போன்ற தொல்லைகள் வருவதும், பெரியவர்களுக்கு ஒரு வேளை அளவு பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல் நிறுத்தப்படுவதும் இதனால்தான். ரத்தத்தில் ஓடும் மருந்து மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் எளிதில் புகுவதில்லை என்பது இயற்கை தந்த காப்பு. தண்டுவட நீருக்குள் நேரே செலுத்தும்போது அந்தக் காப்பு இல்லாமல் போகிறது. கால்களில் தொடங்கும் செயலிழப்பு மேல்நோக்கி ஏறி, இறுதியில் மூச்சை நிறுத்துகிறது. நச்சு நீரை உடனே வடித்து வேறு திரவத்தால் கழுவும் முயற்சியால் உயிர்பிழைத்தவர் மிகச் சிலர். அவர்களுள்ளும் பலர் செயலிழந்த கைகால்களுடனே வாழ நேர்ந்தது.

அப்படியானால் முதுகில் ஊசி போடும் இடத்துக்கு வின்கிறிஸ்டின் வருவானேன் என்று கேட்கலாம். காரணம் சிகிச்சையின் வெற்றியிலேயே இருக்கிறது. 1960களில் கூட்டுமருந்துச் சிகிச்சையால் ரத்தப் புற்றுநோய் அடங்கிய குழந்தைகளில் பலருக்கு, மருந்து எட்டாத மூளையுறைகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. ஆகவே மெத்தோட்ரெக்சேட், சைட்டராபின் போன்ற மருந்துகளைத் தண்டுவட நீருக்குள் செலுத்தும் முறை சிகிச்சையின் கட்டாயப் பகுதியாயிற்று. இவ்வாறு ஒரே நோயாளிக்கு, பல நேரங்களில் ஒரே நாளில், சிரைக்கு ஒரு சிரிஞ்சும் முதுகுக்கு ஒரு சிரிஞ்சும் தேவைப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் லூயர் நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கூம்பு வடிவ இணைப்பு எந்தச் சிரிஞ்சையும் எந்த ஊசியோடும் பொருத்தவல்லது. மருத்துவத்துக்குப் பெரும் வசதியாக இருந்த அந்தப் பொதுமை இந்த ஒரு நிலையில் வினையாயிற்று. வின்கிறிஸ்டின் தண்டுவடத்தில் தவறிச் செலுத்தப்பட்ட நிகழ்வு 1968-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. சிரைவழி மட்டுமே கொடுக்க வேண்டும், பிற வழிகளில் கொடுத்தால் மரணம் என்னும் வாசகம் சீட்டிலும் உறையிலும் ஏறியது. நிகழ்வுகள் நிற்கவில்லை.

இதற்கிடையே மருந்தைக் கையாள்பவர்களின் பாதுகாப்பு தனியொரு கவலையாக எழுந்தது. 1970களில் கீமோதெரபி மருந்துகளை வார்டிலேயே, சாதாரண மேசையில் வைத்து, பெரும்பாலும் செவிலியரே கலந்து தந்தனர். தூசு படாமல் கலப்பதற்கென மருந்தகங்களில் இருந்த காற்றுப்பெட்டிகளிலோ காற்று பக்கவாட்டில் வீசும். அது மருந்தைத் தூய்மையாக வைத்தது, ஆனால் மருந்தின் நுண்துளிகளைக் கலப்பவரின் முகத்துக்கே கொண்டுவந்தது. இத்தகைய மருந்துகளைக் கையாண்ட பின்லாந்துச் செவிலியரின் சிறுநீரில் மரபணுவைப் பாதிக்கும் பொருள்கள் இருந்ததாக 1979-ல் வெளிவந்த ஆய்வு உலகின் கவனத்தைத் திருப்பியது. காற்று மேலிருந்து கீழே இறங்கும் பெட்டிகள், கையுறை, மேலங்கி, கழிவைத் தனியே அகற்றுதல் ஆகியவை வழக்கத்துக்கு வந்தன. 1986-ல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்து கலக்கும் பணி வார்டிலிருந்து மருந்தகத்துக்கு நகர்ந்தது. ஊழியருக்குப் பெரும் நன்மை தந்த இந்த மாற்றத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: அச்சடித்த பெயரோடு கூடிய மருந்துக் குப்பி நோயாளியின் படுக்கையருகே வருவது நின்று, நிறமற்ற திரவம் நிரம்பி, சிறு சீட்டு ஒட்டப்பட்ட, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சிரிஞ்சுகள் வரத் தொடங்கின.

இதன் விளைவை விரிவாகக் காட்டும் ஆவணம், 2001 ஜனவரி 4-ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்ததைப் பற்றிப் பேராசிரியர் பிரையன் டாஃப்ட் அளித்த அறிக்கை. நோயாளி, ரத்தப் புற்றுநோய் அடங்கிய நிலையில் பராமரிப்புச் சிகிச்சை பெற்றுவந்த 18 வயது இளைஞர். தண்டுவடத்துக்கான சைட்டராபினும் சிரைக்கான வின்கிறிஸ்டினும் வெவ்வேறு நாள்களில் என்பதே அந்த மருத்துவமனையின் ஏற்பாடு. அன்று இரண்டும் ஒன்றாகவே வார்டுக்கு வந்து சேர்ந்தன. மேற்பார்வை செய்த மருத்துவர் அப்பொறுப்புக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஊசி போட்டவர் அவரினும் இளையவர். இரண்டாவது சிரிஞ்சு கைக்கு வந்தபோது இளையவர் வின்கிறிஸ்டினா என்று கேட்டார். ஆம் என்று விடை வந்தது. தண்டுவடத்திலா என்று மறுபடி கேட்டார்; அதற்கும் ஆம் என்றே விடை வந்தது. இளைஞர் நான்கு வாரங்களுக்குப் பின் இறந்தார். மேற்பார்வை செய்த மருத்துவர் 2003-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தனிமனிதரின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிடலாம். முந்தைய நிகழ்வுகளில் பெரும்பாலும் அப்படித்தான் முடித்தார்கள். டாஃப்ட் அவ்வாறு முடிக்கவில்லை. பயிற்சியில் இருந்த இடைவெளி, கேள்வி கேட்கும் இளையவர் விடையை மறுக்கத் தயங்கும் படிநிலை, ஒன்றுபோல் தோன்றும் சிரிஞ்சுகள், எந்த ஊசியிலும் பொருந்தும் இணைப்பு என அவர் சுட்டிய காரணங்கள் ஒரு மனிதரோடு நின்றுவிடுபவை அல்ல. இதைவிட உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் அரசுக்காக லியாம் டொனால்ட்சன் தலைமையில் 2000-ல் வெளியான அறிக்கை, 1985 முதல் குறைந்தது 13 பேர் தண்டுவட ஊசித் தவறுகளால் இறந்தோ செயலிழந்தோ போனதைச் சுட்டி, 2001 முடிவதற்குள் இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. அந்த இலக்கு ஆண்டின் முதல் வாரத்திலேயே நாட்டிங்ஹாம் நிகழ்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த தேசிய விதிகள், தண்டுவடக் கீமோதெரபியைப் பயிற்சி பெற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றவர் மட்டுமே, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில், சிரைவழி மருந்துகளிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வகுத்தன. இவையும் மனிதரின் ஒழுங்கை நம்பிய விதிகளே. வடிவத்தை நம்பிய தீர்வு இன்னும் எளிதாக இருந்தது. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல், 50 மில்லிலிட்டர் உப்புநீர் கொண்ட சிறு பையில் கலந்து, சொட்டுநீர்க் குழாய் வழியே ஐந்து முதல் பத்து நிமிடங்களில் இறக்குவது. தண்டுவடத்தில் செலுத்தப்படும் அளவு சில மில்லிலிட்டர்களே ஆதலால், தொங்கவிட வேண்டிய ஒரு பையை முதுகில் குத்திய ஊசியோடு இணைக்க எவருக்கும் தோன்றாது. எழுத்தைப் படிக்காதவர்கூடத் தடுக்கப்படுவார்.

இத்தனை எளிய தீர்வுக்கும் எதிர்ப்பு இருந்தது; அது முற்றிலும் காரணமற்றதும் அன்று. வின்கிறிஸ்டின் சிரையை விட்டுக் கசிந்து சுற்றியுள்ள தசையில் பரவினால் அவ்விடம் புண்ணாகி அழுகக்கூடும். சிரிஞ்சால் மெல்லச் செலுத்தும் செவிலி அவ்வப்போது பிஸ்டனைச் சற்றே பின்னிழுத்து, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, ஊசி சிரைக்குள்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய முடியும். தானாக இறங்கும் பை அந்தக் கைப்பிடியைப் பறித்துவிடும் என்று அஞ்சினர். குழந்தைகள் சிகிச்சையில் இந்த அச்சம் மேலும் வலுவாக இருந்தது. நடைமுறையில் கசிவு அரிதாகவே நேர்ந்தது. நேர்ந்தாலும், அவ்விடத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து ஹயலுரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திப் பாதிப்பைக் குறைக்க முடிந்தது. கையில் வரக்கூடிய புண்ணையும் உறுதியான மரணத்தையும் ஒரே தராசில் வைத்ததே இந்த விவாதம் நீண்டதற்குக் காரணம்.

2007 ஜூலையில் ஹாங்காங்கில் ஓர் இளம்பெண் இதே தவற்றால் இறந்தபின் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டு, 1968 முதல் பல நாடுகளில் 55 நிகழ்வுகள் பதிவானதைச் சுட்டி, சிறுபை முறையைப் பரிந்துரைத்தது. வெளியில் வராமல் போனவை இதில் அடங்கா. அதே ஆண்டு சீனாவில் ஷாங்காயில் தயாரான மெத்தோட்ரெக்சேட்டையும் சைட்டராபினையும் முதுகில் பெற்ற பலருக்குக் கால்கள் செயலிழந்தன. தயாரிப்பின்போதே அவற்றில் வின்கிறிஸ்டின் கலந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. வார்டில் எவரும் தவறு செய்யாத இடத்திலும் அதே நஞ்சு அதே நீரை அடைந்தது. 2008-ல் பிரிட்டன் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சிறுபையை அறிவுறுத்தியது. 2016-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டிலிருந்து சிரிஞ்சால் செலுத்தும் முறையே நீக்கப்பட்டது.

தண்டுவடச் சிரிஞ்சும் சிரைக்குழாயும் ஒன்றோடொன்று பொருந்தாதபடி வேறுபட்ட இணைப்புகளுக்கான சர்வதேசத் தரமும் 2016-ல்தான் வெளியானது. ஊசி, சிரிஞ்சு, வடிகட்டி, இணைப்புக்குழாய் என எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினாலன்றி அது பயன் தராது. மருத்துவமனைகள் அதற்கு ஆகும் செலவையும், இரு வகைக் கருவிகளும் கலந்து கிடக்கும் இடைக்காலத்தின் குழப்பத்தையும் எண்ணித் தயங்குகின்றன. சிறுபைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கீமோதெரபி வார்டு எதிலும் அந்த உப்புநீர்ப் பை ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது.