இரண்டு கொத்து அரிசியும் திறந்த பொருளாதாரமும்

சோசலிசம் சிறந்ததா, முதலாளித்துவம் சிறந்ததா என்ற விவாதத்தை நான் முதன்முதலில் கேட்டது பல்கலைக்கழகத்தில் அல்ல. 1974ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், பாணுக்காக அதிகாலையில் நின்ற வரிசையிலேயே அதைக் கேட்டேன். அப்போது எனக்கு ஏழு வயது. அரசாங்க எழுதுவினைஞரான தந்தையாரின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எமக்கு முன்னால் நின்ற ஆசிரியர் ஒருவர் தீவிர சமசமாஜி. இறக்குமதியை நிறுத்தியதால் நாட்டின் பணம் நாட்டிலேயே தங்குகிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காசு நிக்குது சரி மாஸ்ரர், பாண் எங்கை?" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் இதே விவாதத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது சோவியத் யூனியனையும் அமெரிக்காவையும் ஒப்பிடுவதாகவே அமையும். ஏழை நாடொன்றில் வாழ்பவனுக்கு அந்த ஒப்பீட்டினால் அதிக பயனில்லை. அவனது அடுப்பில் என்ன வெந்தது, அவனது குழந்தை பிழைத்ததா, அது பள்ளிக்கூடம் போனதா என்பவையே அவனுடைய கேள்விகள். இந்தக் கேள்விகளை வைத்து ஆராய்வதற்கு எமது தீவே நல்ல களம். ஒரே தேர்தல் முறையின் கீழ், ஒரே தலைமுறையின் காலத்தில், இரண்டு வழிகளையும் பரீட்சித்துப் பார்த்த நாடு இது.

1970க்கு முன்னர்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இலங்கையின் இலவசக் கல்வி, இலவச வைத்தியம், கூப்பன் அரிசி ஆகியன சோசலிச அரசாங்கம் ஒன்றினால் தொடக்கி வைக்கப்பட்டவை அல்ல. சர்வசன வாக்குரிமை 1931இல் கிடைத்தது. உணவுப் பங்கீடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942இல் ஆரம்பமானது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் பிரித்தானிய ஆட்சியின் கீழ் நிகழ்ந்தவை. வாக்குப் பெற்ற மக்களிடம் வாக்குக் கேட்கப் போனவர்கள் எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இதன் அடிப்படைக் காரணம்.

பலன் பெரியது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த மரண வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 அளவுக்கு வீழ்ந்தது. டி.டி.ரி. தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியதற்கு அதில் பெரும் பங்குண்டு. 1940களின் நடுப்பகுதியில் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த சராசரி ஆயுட்காலம், 1970களின் தொடக்கத்தில் 65 வயதை எட்டியது. குறைந்த வருமானமுள்ள நாடொன்றுக்கு இது அசாதாரணமானது. அமர்த்தியா சென் 1980களின் தொடக்கத்தில் இலங்கையை உதாரணம் காட்டி, பொதுச் செலவினத்தின் மூலம் ஏழை நாடும் தன் மக்களை நீண்டகாலம் வாழ வைக்கலாம் என வாதிட்டார். சுர்ஜித் பல்லா போன்றோர் இதை மறுத்தார்கள். இலங்கை ஆரம்பத்திலேயே ஏனைய நாடுகளை விட முன்னிலையில் நின்றது என்றும், ஆகவே சாதனையை மிகைப்படுத்தக்கூடாது என்றும் கூறினார்கள். இரு தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு.

அந்த அரிசியை எடுத்துவிடுவது எவ்வளவு கடினம் என்பதை 1953 காட்டியது. நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகளின் தலைமையில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னர் 1966இல் டட்லியின் அரசாங்கம் பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்தது. 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தை மீண்டும் தருவதாக வாக்களித்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது.

மிளகாயும் மாவும்

ஐக்கிய முன்னணியில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சர். 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் 1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் உணவு விலையும் ஒன்றாக ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. வாக்களித்த கொத்தைக் கொடுக்க முடியாமல் பங்கீடு வெட்டப்பட்டது. அரிசி கொண்டு செல்வோரை வீதித் தடைகளில் பொலிசார் சோதித்தார்கள். மரவள்ளிக்கிழங்கு உண்ணுமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டது. வேலை தேடுவோரில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

இவ்வளவு இருந்தும், என் தாயாரின் தமையனார் அந்த ஆட்சியைத் தெய்வமாக மதித்தார். அவர் விசுவமடுவில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர். செத்தல் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது தடைப்பட்டதால் உள்ளூர் மிளகாயின் விலை உச்சத்துக்குப் போனது. இரண்டு போகத்தில் மாமா கல்வீடு கட்டினார், நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினார், பின்னர் உழவு இயந்திரமும் வாங்கினார். வடபகுதி விவசாயிகள் அக்காலத்தை இன்றும் பொற்காலம் என்றே சொல்வார்கள். தரப்படுத்தலினால் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டதென்று இளைஞர்கள் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களது தந்தையர் தோட்டத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1975 ஆகஸ்ட் விடுமுறையில் நான் மாமா வீட்டில் நின்றேன். மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு குடிசை. அதில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அந்தத் தாய் பழம் ஆய்ந்துகொண்டே மாமியிடம் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது: "வேலை நாளும் கொறைஞ்சு போச்சும்மா, மா வெலையும் ஏறிப் போச்சு. கீரையத்தான் அவிச்சுத் தின்னோம். சின்னவன அங்கேயே பொதைச்சுட்டு வந்துட்டோம்." மாமி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ஒரு சுளகில் அரிசி கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தாய் சொன்னதன் முழுப் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. 1974இல் மலையகத் தோட்டங்களில் மரண வீதம் கூர்மையாக உயர்ந்தது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு நிலமும் நாலு மரவள்ளித் தடியும் இருந்தன. லயன் அறையில் வாழ்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. கோதுமை மா ரொட்டியே அவர்களது பிரதான உணவு. மாவின் விலை ஏறியபோது மாற்று வழி இல்லாமல் போனது. பிழைத்தவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கி வந்தார்கள். அங்கே மாமாவைப் போன்றவர்களின் வயல்களில் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். மாமா கொடுமைக்காரர் அல்லர். ஆனால் அவரும் ஊரில் பிறந்தவர்களுக்குக் கொடுத்த கூலியை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மிளகாய்க் காசில் அவர் வாங்கித் தந்த சைக்கிளில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். சோசலிசத்தின் பொற்காலம் என்று யாராவது சொல்லும்போது அந்தச் சைக்கிளும் அந்தக் குடிசையும் ஒன்றாகவே என் நினைவுக்கு வருகின்றன.

1977க்குப் பின்னர்

1977 ஜூலையில் மக்கள் வரிசைகளுக்குத் தீர்ப்பளித்தார்கள். 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. சுதந்திரக் கட்சிக்கு எட்டு. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றுமில்லை. நவம்பரில் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிகளைத் திறந்துவிட்டது. டொலரின் பெறுமதி ஏறத்தாழ 16 ரூபாவானது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. கடைகள் நிரம்பின, வரிசை மறைந்தது. ஆண்டுக்கு மூன்று வீத அளவில் இருந்த வளர்ச்சி அடுத்த சில ஆண்டுகளில் ஆறு வீத அளவுக்கு ஏறியது. வேலையின்மை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இவற்றை மறுப்பவர் நேர்மையானவர் அல்லர்.

மறுபக்கமும் உண்டு. 1978இல் கூப்பன் அரிசி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அரிசிக்குக் கொத்துக்கணக்கு இருந்தது. முத்திரைக்கு இருந்தது ரூபாக் கணக்கு. விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்தது. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகிவிட, மிக வறியவர்களின் தட்டில் உணவு குறைந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தார்கள். மாமாவின் மிளகாய் விலையும் விழுந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் ஜே. ஆரை விட ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு அதிக வாக்குகள் கிடைத்தன. அவர் முந்திய ஆட்சியின் விவசாய அமைச்சர் என்பதே அதற்குரிய பிரதான காரணமாகச் சொல்லப்பட்டது.

மலையகத்தில் என்ன நடந்தது என்பதே இந்த விவாதத்துக்கு மிகவும் பயனுள்ள பகுதி. 1977 வன்செயல் அம்மக்களை மீண்டும் விரட்டியது. ஆயினும் சிசு மரண வீதம் 1980களில் பெருமளவு குறைந்தது. 1984இல் சம்பளம் உயர்ந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி கிடைத்தது. திறந்த பொருளாதாரத்தின் சாதனை என இதனைக் கூற முடியாது. தோட்டங்கள் அப்போதும் அரசுக்கே சொந்தமானவை. சோசலிசத்தின் சாதனை என்றும் கூற முடியாது. ஆட்சி செய்தது ஐக்கிய தேசியக் கட்சி. மாறியது வேறொன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட அம்மக்களில் ஒரு பகுதியினர் சிறிது சிறிதாகப் பிரஜாவுரிமையும் வாக்கும் பெற்றார்கள். 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் தெரிவாகி, 1978இல் அமைச்சரானார். அதன்பின் அவர்களது வேலைநிறுத்தம் அரசாங்கத்தின் காதில் விழுந்தது.

1953ஐயும் 1974ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். அரிசி விலை ஏறியதற்காக ஒரு பிரதமர் பதவி துறந்தார். அன்று பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்கு இருந்தது. முதலாளித்துவக் கட்சியின் ஆட்சி அவர்களுக்குப் பணிந்தது. 1974இல் தோட்டங்களில் பிள்ளைகள் இறந்தபோது ஆட்சியில் இருந்தவர்கள் தொழிலாளர் நலன் பேசிய தலைவர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜத் தலைவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆனால் இறந்தவர்களின் பெற்றோர் பெரும்பாலோரிடம் வாக்கு இருக்கவில்லை. எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை.

2022இல் கொழும்பில் எரிவாயு வரிசையில் மணிக்கணக்காக நின்றேன். அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுத் திறந்த பொருளாதாரத்தின் முடிவிலும் ஒரு வரிசை. இரண்டு வழிகளும் அந்நியச் செலாவணி தீர்ந்த இடத்தில் ஒன்றையே கொண்டுவந்து விட்டன. எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், சோசலிசம் வந்தால்தான் இந்த நாடு உருப்படும் என்றார். அருகில் நின்ற முதியவர் 1974 பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் இருவரையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஜூலையில் மக்கள் ஜனாதிபதியையே வெளியேற்றினார்கள்.

எந்த முறை சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்போது ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறேன். அந்த முறை தவறும்போது முதலில் பட்டினி கிடக்கப்போவது யார்? ஆட்சியை மாற்றும் பலம் அவர்களிடம் இருக்கிறதா? விசுவமடுக் குடிசையில் இருந்த அந்தத் தாயிடம் அது இருக்கவில்லை. அவர் தன் பிள்ளையைப் பறிகொடுத்தது எந்தப் பொருளாதார முறையின் கணக்கில் சேரும் என்று இரு தரப்பாரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.